கொண்டைக்கு இடம் விட்ட தொப்பி

சித்தியின் கொண்டையைப் பற்றிச் சொல்லாமல் அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்ல முடியாது. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் சித்தி. தலைக்குக் குளித்து ஈரம் உலர்வதற்குள் முடியை ஒரு முறுக்கு முறுக்கி, கொண்டை ஊசி ஒன்றுகூட இல்லாமல் பின்னங்கழுத்துக்கு மேலே சுருட்டி வைப்பார். சாயங்காலம் வரை அது அவிழாது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதும்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொண்டையும் அதைச் சுற்றி வைத்த மல்லிகைச் சரமும்தான். நானும் அவரிடம் படித்தவள். வடிவியல் என்றால் இன்றைக்கும் எனக்கு மல்லிகை வாசம்தான் முதலில் வரும்.

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரத்தில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. டாக்டர் முன்பே காரணத்தைச் சொல்லியிருந்தார். வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களை மருந்து தாக்கும். கட்டி எது, முடியின் வேர் எது, வாய்க்குள் இருக்கிற மெல்லிய தோல் எது என்று அதற்குப் பேதம் தெரியாது. சித்தி அதைக் கேட்டுக்கொண்டார். ஆளை வீட்டுக்கு வரவழைத்து மொத்தமாக மழித்துக்கொண்டார். அழவில்லை.

அதற்குப் பிறகு வந்த தொல்லைகளைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. தலையணை உறையின் தையல் மண்டையில் உறுத்தியது. மே மாத மதுரையில் வீடே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, மின்விசிறிக் காற்று பட்டு அவருக்குத் தலை மட்டும் சில்லிட்டது. மருந்து ஏற்றுகிற அறையிலோ ஏசி. முடி என்பது எவ்வளவு பெரிய போர்வை என்று அப்போதுதான் புரிந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். கொடைக்கானலில் வாங்கிய கம்பளித் தொப்பி அரித்தது. குரங்குக் குல்லா காதையும் தாடையையும் பிடித்து இறுக்கியது. பட்டு ஸ்கார்ஃப், பிடித்துக்கொள்ள முடி இல்லாததால், பேசிக்கொண்டிருக்கும்போதே வழுக்கி மடியில் விழுந்தது. விக் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, "இன்னொருத்தி முடியை நான் எதுக்குச் சுமக்கணும்?" என்று சித்தி பேச்சை முடித்துவிட்டார்.

சித்தியின் மகன், என் தம்பி, அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஸ்லவுச்சி பீனி. நெற்றியில் ஒரு பட்டை, அதற்கு மேலே தலையின் அளவைவிடப் பெரிதாக விட்டு, பின்பக்கம் தொய்ந்து விழுகிற தொப்பி. சித்தி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுக்குள்ள ஒரு கொண்டை இருக்கிற மாதிரில்ல இருக்கு?" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இந்த வடிவத்தின் மூத்த உறவுகளில் ஒன்று ஜமைக்காவின் ராஸ்தாபாரியர்கள் அணிகிற 'டாம்'. வெட்டாமல் வளர்த்த சடைமுடியை உள்ளே சுருட்டி வைத்துக்கொள்ளத்தான் அவ்வளவு பெரிதாகப் பின்னுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு நூலில், பெரும்பாலும் ஒற்றைக் கொக்கி ஊசியால் போடுகிற குரோஷேதான். தம்பி அதை 'பாப் மார்லி தொப்பி' என்றுதான் அறிந்திருந்தான். பாப் மார்லிக்கும் புற்றுநோய் வந்தது, சிகிச்சையில் அவரும் அந்தச் சடைமுடியை இழந்தார், 1981 மே 11 அன்று தம் 36ஆவது வயதில் இறந்தார் என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. சித்தியிடம் அதை அப்போது சொல்லவில்லை. முடியை உள்ளே வைத்துக்கொள்ளப் பிறந்த தொப்பி, முடி போன தலைக்கும் பொருந்தும் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

"ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்கே வருதே" என்றான் தம்பி. வேண்டாம், நானே போடுகிறேன் என்றேன். அந்த விலைக்கு வருவது இயந்திரத்தில் பின்னிய அக்ரிலிக், வெயிலில் கொதிக்கும். திருப்பூரில் பனியன் துணியை மெஷின் வட்ட வட்டமாகப் பின்னித் தள்ளுகிறது, ஆனால் குரோஷேயை இன்றைக்கும் கைதான் போடுகிறது. கடையில் குரோஷே என்று தொங்குகிற எதையும் எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டிருக்கிறார். ஆந்திராவின் நரசாபுரத்துப் பெண்கள் இப்படி வீட்டிலிருந்தே லேஸ் பின்னுவதைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு அது. பின்னுகிறவர்களுக்கோ 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை' என்ற பேரில் அற்பக் கூலி. விலை மலிவான குரோஷேயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள். கைவேலை தெரிந்த யாரும் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்குக் குரோஷே சொல்லித் தந்தவர் பள்ளியில் நீடில் ஒர்க் எடுத்த ஒரு சிஸ்டர். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரீகள் ஏழைப் பெண்களுக்கு இந்த ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அந்த லேஸை விற்றுக் குடும்பங்கள் சாப்பிட்டன என்று வகுப்பில் சொல்வார். நாங்கள் போட்டதெல்லாம் மெல்லிய வெள்ளை நூலில் டீப்பாய் விரிப்பு, ஓரத்தில் மணி கோத்த பால் ஜக் மூடி, டி.வி.க்கு மேலே போடுகிற துணி. தலைக்கு மாட்டுகிற எதையும் நான் போட்டதில்லை. வெப்ப ஊரில் யாருக்குத் தொப்பி வேண்டும்?

நூலுக்குப் புதுமண்டபம் போனேன். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டியது. கடைகள் பின்னால் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின; அப்போது இன்னும் அங்கேயே இருந்தன. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, நூலும் ஜரிகையும் பட்டனும் விற்பார்கள். கம்பளி கலக்காத சுத்தமான பருத்தி, எட்டுப் பிளை. கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து எடுத்தேன். உள்ளங்கைக்கு மெத்தென்று இருக்கிற நூல் கன்னத்துக்கு முரடாக இருக்கும். கத்தரிப்பூ நிறம் வேண்டும் என்பது சித்தியின் உத்தரவு. வீட்டுக்கு வந்ததும் அதைச் சிட்டமாக்கி, வாசனை இல்லாத சோப்பில் சாயம் நிற்கிற வரைக்கும் அலசினேன். கீமோவில் இருப்பவர்களுக்கு எந்த வாசனை எப்போது குமட்டும் என்று சொல்ல முடியாது. புது நூலின் கடை வாசனையே போதும்.

பருத்தியில் ஒரு சிக்கல் உண்டு. கம்பளி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும். தலையைத் தானே பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. நீண்டால் நீண்டதுதான். ஆனால் அதற்குக் கனம் உண்டு. தொய்ந்து விழ வேண்டிய தொப்பிக்கு அந்தக் கனம் நல்லது. அக்ரிலிக்கில் போட்டால் பின்பக்கம் உப்பி நிற்கும். பருத்தி அடக்கமாக இறங்கும்.

உச்சியில் தொடங்க வேண்டும். சிஸ்டர் சொல்லித் தந்த முறையில் நான்கு சங்கிலி போட்டு வளையமாக இணைத்தால் நடுவில் ஒரு சின்ன முண்டு வரும். மல்லாந்து படுக்கிறவருக்கு அது உறுத்தும். அதனால் நூலை விரலில் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே 12 ட்ரெபிள், அதாவது நெட்டைக் கண்ணி, போட்டு, வால் நூலை இழுத்தேன். கண் மூடுகிற மாதிரி ஓட்டை மூடிக்கொண்டது. சுற்றுக்குச் சுற்று இணைத்தால் அந்த இடத்தில் ஒரு தழும்பு மேலிருந்து கீழே ஓடும்; அதுவும் வேண்டாமென்று சுருளாகவே போட்டுக்கொண்டு போனேன். சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரிய ஒரு ஊக்கு. நூல் முடிகிற இடத்தில் முடிச்சே கிடையாது. வாலை மூன்று திசையில் திருப்பித் திருப்பி ஊசியால் உள்ளே ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு முடிவையும் சித்தியின் மண்டைத்தோல்தான் எடுத்தது. நான் கையை மட்டும் கொடுத்தேன்.

பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் வேலை நடந்தது. 21 நாளைக்கு ஒருமுறை மருந்து. போனால் அரைநாளுக்கு மேல் ஆகும். அங்கே உட்கார்ந்து செய்ய குரோஷேயைவிட வாகான கைவேலை இல்லை. நிட்டிங்கில் நூறு கண்ணி ஊசியில் திறந்து கிடக்கும், உருவினால் போயிற்று. குரோஷேயில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. நர்ஸ் கூப்பிட்டால் அதில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு எழுந்து ஓடலாம்.

அப்படி ஐந்து சுற்று முடிந்திருந்த ஒரு நாளில், கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்க, சித்தி கேட்டார். "ஒவ்வொரு சுத்துக்கும் பன்னிரண்டு கூட்டுறியே, ஏன் பன்னிரண்டு?"

"அப்பத்தான் தட்டையா வரும் சித்தி."

"அது விடை இல்லைடி. ஏன் பதினொண்ணு இல்ல, பதினஞ்சு இல்ல?"

சிஸ்டர் சொன்னார், நான் செய்தேன். அத்தனை வருஷத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சித்தி ஊசி குத்தாத கையை நீட்டினார். பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை எடுக்கச் சொல்லி, ஓரத்தில் பத்துக் கண்ணியை அளந்தார்: 6 செ.மீ. நடுவிலிருந்து ஓரம்வரை அளந்தார்: ஐந்து சுற்றுக்கு 5.7 சொச்சம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். ஒரு சுற்று போட்டால் ஆரம் 1.15 கூடுகிறது. ஆரம் 1.15 கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? அதைப் போல 2π மடங்கு. 7.2 செ.மீ. ஒரு கண்ணியின் அகலம் 0.6. வகுத்தால்?

பன்னிரண்டு.

மருந்தேறுகிற நேரத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "கண்ணியோட உயரம் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு. அதான் பன்னிரண்டு. உயரமும் அகலமும் சமமா இருக்கிற குட்டைக் கண்ணி போட்டா ஆறு கூட்டினாப் போதும், பாரு" என்றார். அது அப்படித்தான். குட்டைக் கண்ணிக்கு ஆறு என்பதுதான் எல்லாருடைய கணக்கும்.

பன்னிரண்டுக்குக் குறைவாகக் கூட்டினால் வட்டம் கவிழ்ந்து குழியும். அதிகம் கூட்டினால் ஓரம் இடம் போதாமல் நெளிந்து நெளிந்து கோழிக்கொண்டைப் பூவாக மடியும். இந்த நெளிவைக் கணிதக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா, கார்னெல் பல்கலைக்கழகத்தில், அதிபரவளைய வெளி என்ற தளத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்க 1997இல் குரோஷேயில் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பு காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார், அவ்வளவுதான் ரகசியம். அடுத்த முறை போனபோது தம்பி அந்தப் படங்களைச் சித்திக்குக் காட்டினான். "நாற்பது வருஷம் சாக்பீஸால வட்டம் போட்டேன். யாராவது அப்பவே இதைக் காட்டியிருக்கக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பள்ளிகளில் கைவேலையும் கணக்கும் ஒரே கட்டடத்தில் ஒன்றை ஒன்று பார்க்காமலேயே இருந்தன. எனக்கும் அது வருத்தம்தான்.

அதற்குப் பிறகு அளவுகள் எல்லாம் சித்தி வசம். அவருடைய தலைச்சுற்றளவு 54 செ.மீ. ஒட்டிப் பிடிக்கிற தொப்பி என்றால் வட்டத்தின் விட்டம் 17 செ.மீ.க்குச் சற்று மேலே வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். நாங்கள் நிறுத்தவில்லை. பத்துச் சுற்று, 120 கண்ணி, 23 செ.மீ. விட்டம் வரைக்கும் போனோம். அப்போது ஓரத்தின் சுற்றளவு 72. தலைக்கு வேண்டியது 54. மிச்சம் 18 செ.மீ.

"அந்தப் பதினெட்டுத்தான் என் கொண்டை" என்றார் சித்தி.

பிறகு கூட்டாமல் குறைக்காமல் ஒரு சாண் போல நேராக இறக்கினேன். அடுத்த சுற்றில் நான்கு கண்ணிக்கு ஒன்று குறைத்தால் 120 என்பது 90 ஆகும்; 90ஐ 0.6ஆல் பெருக்கினால் சரியாக 54. கையால் போடுகிற ஒன்று இவ்வளவு துல்லியமாக வந்து நிற்பதில் எங்கள் இருவருக்கும் இருந்த சந்தோஷத்தை வெளியே சொல்லிப் புரியவைக்க முடியாது. பட்டையில் மேடும் பள்ளமுமாகக் கண்ணி போட்டால் கம்பளியில் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் மேடு நெற்றியில் தடம் பதிக்கும். அதனால் குட்டைக் கண்ணியிலேயே நாலு விரல் அகலம். அந்தப் பட்டை வழியாகச் சங்கிலித் தையலில் ஒரு நாடா ஓட்ட வேண்டும், அதை இழுத்துக் காதுக்கு மேலே முடிந்துகொள்ளலாம் என்றார் சித்தி. ஓட்டிக் கொடுத்தேன்.

பெண்களுக்கான தொப்பி என்றால் பல மாதிரிகளில் பக்கவாட்டில் ஒரு பூ இருக்கும். வெள்ளை நூலில் ஐந்து இதழ்ப் பூ ஒன்றைத் தனியாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சித்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பூ வேண்டாம்" என்றார். அந்த மாதங்களில் மல்லிகை வாசமே அவருக்கு ஆகாமல் போயிருந்தது. பூக்காரம்மா தெருவில் வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை. பூவை என் பையில் போட்டுக்கொண்டேன்.

தொப்பியை மாட்டிவிட்டபோது கண்ணாடி கேட்டார். முன்னால் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடிக்கச் சொல்லி, கழுத்துக்கு மேலே அது எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். இரண்டு விரலால் தொட்டுச் சற்று மேலே ஏற்றிவிட்டார். முன்பு கொண்டை சரிந்தால் அப்படித்தான் ஏற்றுவார்.

தினமும் துவைக்க வேண்டியிருந்ததால் இன்னொன்றும் போட்டேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் பருத்தி நீண்டுவிடும்; துண்டின் மேல் பரப்பி நிழலில் காயவைக்கச் சொல்லிச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தேன். ஒரு நாள்கூட அவர் தவறவில்லை.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். சித்தி தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவீங்களா? தோட்டத்துக்குத் துண்டுதான் கட்டிக்கிட்டுப் போவேன். இப்ப மழுமழுன்னு இருக்குற தலையில நிக்க மாட்டேங்குது" என்றார். அவர் தலை 51 செ.மீ. சித்தி உடனே நோட்டைத் திறந்தார். பத்துச் சுற்றுப் போட்டு நாடா ஓட்டு என்றார். நான் ஒன்பது சுற்று, 108 கண்ணி, குறைத்தால் 81 என்று போட்டேன். சுற்றளவு 48.6 வரும், தலையைவிட ஏறக்குறைய இரண்டரை செ.மீ. குறைவு. பருத்தியும் அந்த அளவுக்கு இழுபடும், நாடா இல்லாமலேயே தலையில் நிற்கும். அவர் போட்டுக்கொண்டு சரியாக இருக்கிறது என்றார்.

நாடா வேண்டாம் என்பதைச் சித்தி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சிகிச்சை முடிந்து, முடி முதலில் வெள்ளைச் சுருளாக முளைத்து, இப்போது காது வரைக்கும் வந்துவிட்டது. கொண்டைக்கு வளர்க்கிற எண்ணம் இல்லை என்கிறார். ஆனால் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். தலையின் சுற்றளவை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் வட்டத்தின் ஓரம், அதைக் கண்ணியின் அகலத்தால் வகுத்தால் கண்ணி எண்ணிக்கை, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் சுற்று என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம். அதில் கடைசிப் படி: நாடா ஓட்டவும். "இறுக்கம் எவ்வளவுன்னு போட்டுக்கிறவதான் முடிவு பண்ணணும். பின்னுறவ இல்ல" என்பது அவர் வாதம். ஒருக்களித்துப் படுத்தால் நாடாவின் முடிச்சு காதுக்கு மேலே அழுத்தும், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அது ஆகாது என்பது என் வாதம். நான் கொடுக்கிற பிரதிகளில் அந்த வரிக்குக் கீழே 'படுத்தே இருப்பவர்களுக்கு நாடா வேண்டாம், ஒரு சுற்றுக் குறைக்கவும்' என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். அவர் கொடுக்கிற பிரதிகளில் அது இருக்காது.